நிர்வாகக் குழுவில் பேரைச் சேர்க்கிறார்களா? கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

கோபியில் ஒரு கல்யாண மண்டபம். பந்தி முடிந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் கேட்டார்கள். "அம்மிணி, குழுவுல உன்ற பேரையும் சேத்திக்கறோம். வேலை ஒண்ணும் கெடையாது, வருசத்துக்கு ரெண்டு கையெழுத்துப் போட்டாப் போதும்." கேட்டவர் அம்மா வழியில் எனக்கு மாமா முறை. சிறப்புக் குழந்தைகளுக்கான பகல் பள்ளி, நாற்பது பிள்ளைகள். நல்ல காரியம், மறுக்கத் தோன்றவில்லை. "ஆகட்டுங் மாமா" என்று சொல்லிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து, சம்பளம் போட வேண்டிய வாரத்தில், பள்ளியின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாமல் போனது. குழுவின் மூன்றாண்டுக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. புதுக் குழுவின் பட்டியல் பதிவாளரிடம் போகவே இல்லை. வங்கி கேஒய்சி புதுப்பிக்க அந்தப் பட்டியலைக் கேட்டது, எங்களிடம் இல்லை. 11 பேருக்கு இரண்டு மாதச் சம்பளம் நின்றது. கடைசியில் குழுவில் ஐந்து பேர் எங்கள் சொந்தக் கணக்கிலிருந்து அவரவர் கணக்குக்கு நேராக அனுப்பினோம். அதற்குள் ஆயா வேலை பார்க்கும் அக்கா கம்மலை அடகு வைத்து மகனுக்குக் காலேஜ் பீஸ் கட்டியிருந்தார். எனக்கு அது பிற்பாடுதான் தெரிந்தது. எல்லாம் சரியாவதற்கு நான்கு மாதம் ஆனது.

இதில் யாரும் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. குழுவில் இருந்த ஒன்பது பேரும் நல்லவர்கள். ஒன்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நான் கவுந்தப்பாடியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். இரவு கல்லாவை எண்ணாமல் ஷட்டரை இறக்கியதில்லை. அந்தப் பள்ளியின் கணக்கை மட்டும் எட்டு மாதம் கண்ணால் பார்க்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது. கொங்குப் பக்கம் இப்படிக் கல்யாணத்திலும் காதுகுத்திலும் பேர் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். உங்களையும் கூப்பிட்டிருந்தால், இந்த வரிசையில் போங்கள்.

1. முதலில், அது என்ன வகை அமைப்பு என்று கேளுங்கள்

'டிரஸ்ட்' என்று எல்லாவற்றையும் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் மூன்று வகை உண்டு. சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவானது. அதற்குத் துணைவிதி உண்டு, நாம் பைலா என்போம். பொதுக்குழு உண்டு, குறைந்தது 3 பேர் கொண்ட நிர்வாகக் குழு உண்டு. குழுவின் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. மறுபடி அதே ஆட்கள் வரலாம், ஆனால் மறுபடி தேர்ந்தெடுத்து, மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். எங்களுடையது இந்த வகை. நாங்கள் இடறி விழுந்ததும் இந்த விதியில்தான்.

அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான அறக்கட்டளைப் பத்திரம்தான் எல்லாமே. அறங்காவலர் எத்தனை பேர், எப்படி நியமிப்பது, எப்படி விலகுவது என்பதெல்லாம் அந்தப் பத்திரத்தில் இருக்கும். சில பத்திரங்களில் நிறுவியவருக்கு மட்டுமே எல்லா அதிகாரமும் இருக்கும். அப்படியென்றால் உங்கள் வாக்குக்கு அங்கே எவ்வளவு எடை என்று சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது, கம்பெனிச் சட்டம் 8-ஆம் பிரிவின்கீழ் லாப நோக்கில்லாமல் நடக்கும் கம்பெனி. அதில் நீங்கள் டைரக்டர், கம்பெனி டைரக்டருக்குரிய பொறுப்பெல்லாம் உண்டு.

கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள். ஆண்டுக்கு எத்தனை நாள் ஆகும்? கையிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்? எனக்கு ஆண்டில் நான்கு கூட்டம், மாதம் ஒரு முறை பள்ளிக்குப் போய் வருவது, கூட்டத்துக்கு முந்தைய நாள் காகிதம் படிப்பது எல்லாம் சேர்த்து 15 நாள் ஆகிறது. பெட்ரோல் என் செலவு. சில இடங்களில் உறுப்பினர் ஆண்டுதோறும் ஒரு தொகை போட வேண்டும் என்று எழுதாத விதி இருக்கும். அதை முன்பே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு.

2. கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

ஒப்புக்கொள்ளும் முன் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நகல்கள் கைக்கு வந்து, படித்த பிறகு பதில் சொல்லுங்கள்:

– பதிவுச் சான்றும் துணைவிதியும், அல்லது அறக்கட்டளைப் பத்திரம்
– கடைசியாகப் பதிவாளரிடம் கொடுத்த குழுப் பட்டியல் (சங்கமானால் படிவம் 7), அதற்கான ஒப்புகை
– பான் கார்டு, 12ஏ பதிவு உத்தரவு (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி உத்தரவு (நன்கொடை கொடுப்பவருக்கு வரிவிலக்கு)
– மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கும் வருமான வரி ரிட்டர்னின் ஒப்புகையும்
– கடைசி ஒரு ஆண்டின் கூட்டத் தீர்மானங்கள்
– வெளிநாட்டுப் பணம் வாங்கினால் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவுச் சான்று
– வாடகை ஒப்பந்தம், நிலப் பத்திரம், வண்டி இன்சூரன்ஸ்
– வழக்கு, நோட்டீஸ், கடன் ஏதாவது இருந்தால் அதன் விவரம்

"எல்லாம் ஆடிட்டர்கிட்ட இருக்குதுங்க" என்ற பதில் வரும். எனக்கும் வந்தது. அது இல்லை என்பதற்கான மரியாதையான சொல் என்று இப்போது புரிகிறது. ஆடிட்டரிடம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் வாட்ஸப்பில் வந்துவிடும். வரவில்லை என்றால் நீங்களே போகலாம். சங்கத்தின் துணைவிதியும் தாக்கலான பட்டியலும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் சான்றிட்ட நகலாகக் கிடைக்கும். நாங்கள் கடைசியில் அப்படித்தான் வாங்கினோம். பைலாவின் மூலப் பிரதி எங்கள் பீரோவிலேயே இல்லை.

12ஏ, 80ஜி உத்தரவுகளில் எந்தத் தேதியோடு முடிகிறது என்று பாருங்கள். இவை இப்போது வாழ்நாள் பதிவு அல்ல. தற்காலிகப் பதிவு 3 ஆண்டு, முறையான பதிவு வழக்கமாக 5 ஆண்டு, சிறிய அமைப்புகளின் 12ஏ மட்டும் 10 ஆண்டாக இருக்கலாம். முடிவதற்கு 6 மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் முடியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், தனித்தனியாகப் பாருங்கள். இன்னொன்று: வருமான வரிப் புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்திருப்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. நம் பக்கம் எல்லோரும் இன்னும் 12ஏ, 80ஜி என்றுதான் பேசுகிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். தாக்கல் செய்யும்போது புது எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. சேர்ந்தது காகிதத்தில் ஏற வேண்டும்

சால்வை போட்டுப் போட்டோ எடுத்துவிட்டால் உறுப்பினர் ஆகிவிட மாட்டீர்கள். இந்த வரிசை முடிந்ததா என்று சேர்ந்த முதல் மாதத்திலேயே சரிபாருங்கள்.

முதலில், உங்களைச் சேர்த்த தீர்மானம் தீர்மானப் புத்தகத்தில் இருக்க வேண்டும். பைலாவில் பொதுக்குழு தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இருந்தால் பொதுக்குழுவின் தீர்மானம் வேண்டும், நிர்வாகக் குழு மட்டும் கூடிச் சேர்த்தது செல்லாது. அடுத்து, சங்கமானால் மாற்றத்தைப் படிவம் 7-ல் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஒப்புகை வந்த பிறகு அதன் நகல் வங்கிக்குப் போக வேண்டும். கையெழுத்து அதிகாரம் மாறினால் தனித் தீர்மானம், புதுக் கையெழுத்து அட்டை, எல்லோருடைய ஆதார், பான். எஃப்சிஆர்ஏ இருந்தால் உள்துறை அமைச்சகத்துக்கும் இணையத்தில் தெரிவிக்க வேண்டும்.

பலரும் விட்டுவிடுவது வருமான வரித் தளம். அதில் அமைப்பின் பேரில் ஒரு கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பதிவாகியிருக்கும். அது யாருடையது என்று கேளுங்கள். எங்களுடையதில் இருந்தது, ஆடிட்டர் ஆபீசில் எப்போதோ வேலை பார்த்துவிட்டு கோயமுத்தூருக்குப் போய்விட்ட ஒரு பையனின் எண். 80ஜி விவரம் தாக்கல் செய்யவில்லை என்ற நினைவூட்டல், நோட்டீஸ் எல்லாம் அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாவம், அவனுக்கு அது என்ன என்றே தெரியாது. இப்போது செயலாளர் எண் ஒன்று, அமைப்புக்கென்றே ஒரு மின்னஞ்சல், அதன் கடவுச்சொல் இரண்டு பேரிடம் என்று வைத்திருக்கிறோம்.

தாமதமாகத் தாக்கல் செய்தால் விளக்கக் கடிதம், தாமதக் கட்டணம், அலைச்சல். மூன்று ஆண்டு விட்டிருந்ததால் நாங்கள் ஒவ்வொரு ஆண்டுக்கும் தனித்தனியாகப் பட்டியலும் கணக்கும் தயார் செய்ய வேண்டியிருந்தது. நான்கு மாதம் போனது அதில்தான்.

4. போய்ப் பாருங்கள், ஆனால் நடத்தாதீர்கள்

முதல் மூன்று மாதம் கூட்டத்தில் அதிகம் பேசாமல், வேலை நடக்கும் இடத்துக்குப் போய் உட்காருங்கள். காலை வேன் வரும் நேரம், மதியச் சாப்பாட்டு நேரம், மாலை பெற்றோர் அழைத்துப் போகும் நேரம். ஒரு நாள் முழுக்க இருந்தால் ஆண்டறிக்கையில் இல்லாதது எல்லாம் தெரியும். கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி தளர்ந்திருந்ததை நான் அப்படித்தான் பார்த்தேன். கால் ஊன்றாத பிள்ளைகள் அதைப் பிடித்துத்தான் எழ வேண்டும்.

அங்கேயே கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லத்தான் கை துடித்தது. செய்யக் கூடாது. பள்ளியை நடத்துவது தலைமை ஆசிரியை. அவரிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறார், பணம் ஒதுக்கவில்லை. அப்போது குழுவின் வேலை என்ன என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது: அடுத்த கூட்டத்தில் அந்தச் செலவை அனுமதிக்க வைப்பது, அதற்கடுத்த கூட்டத்தில் முடிந்ததா என்று கேட்பது. ஒன்பது உறுப்பினரும் ஆளுக்கொரு உத்தரவு போட்டால் வேலை செய்கிறவர்கள் யார் சொல்வதைக் கேட்பார்கள்? மேற்பார்வை குழுவுடையது, அன்றாடம் அவர்களுடையது.

5. கணக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கணக்குப் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. வீட்டுக் கணக்கு எழுதத் தெரிந்தால் போதும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்று காகிதம் கேளுங்கள்: வங்கியிலிருந்து வந்த ஸ்டேட்மென்ட் (தட்டச்சு செய்த சுருக்கம் அல்ல, வங்கி கொடுத்தது), கைரொக்க இருப்பு, இனிமேல் கொடுக்க வேண்டிய பாக்கிகளின் பட்டியல். முதல் இரண்டும் பணம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். மூன்றாவதுதான் அது யாருடைய பணம் என்று சொல்லும். பிஎஃப் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் இருப்பு நன்றாகத்தான் தெரியும்.

அப்புறம் ரசீதுப் புத்தகம். எங்கள் பள்ளியில் பச்சை இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் ஆறு புத்தகம் இருந்தது. கார்பன் நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். 116-க்கு அடுத்து 119. நடுவில் இரண்டு தாள் கிழிக்கப்பட்டிருந்தது. விசாரித்தால், எழுத்துப் பிழை ஆகிவிட்டதென்று கிழித்துப் போட்டிருக்கிறார்கள். உண்மையாகவே அவ்வளவுதான். ஆனால் வெளியாள் ஒருவர் கேட்டால் நிரூபிக்க வழியில்லை. தவறான ரசீதைக் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதி, இரண்டு பிரதியையும் புத்தகத்திலேயே ஒட்டி வையுங்கள். எத்தனை புத்தகம் அச்சடித்தோம், யாரிடம் எந்த எண் இருக்கிறது என்று ஒரு பதிவேடு வேண்டும்.

மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய வரம்புகள் சில. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கிய நன்கொடைக்கு, கொடுத்தவருக்கு 80ஜி விலக்கு கிடைக்காது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு அறச்செலவுக் கணக்கில் சேராது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கைமாற்றாக ரொக்கத்தில் வாங்கக் கூடாது, வாங்கினால் அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே போகலாம். ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறநோக்கத்துக்குச் செலவிட வேண்டும். கட்டடம் கட்டுவது போல ஒன்றுக்குச் சேர்த்து வைப்பதானால் அதற்குரிய படிவத்தைக் கொடுத்து 5 ஆண்டு வரை ஒதுக்கலாம்.

இனிச் சொல்லப்போவது நம் பக்கத்துக்கே உரிய பொறி. கட்டட நிதி பத்து லட்சம் சேர்ந்தவுடன் யாராவது சொல்வார்கள்: "பேங்க்ல போட்டா என்னுங்க வருது? நம்ம பங்காளி ஃபைனான்ஸ்ல போட்டா ரெட்டிப்பு வட்டி." ஈரோடு, கரூர், நாமக்கல், திருப்பூர் எங்கும் ஃபைனான்ஸ் இல்லாத தெரு இல்லை, சீட்டு நடத்தாத சொந்தம் இல்லை. சொல்கிறவர் நல்லெண்ணத்தில்தான் சொல்வார். ஆனால் அறப்பணத்தை எங்கே வைக்கலாம் என்று வருமான வரிச் சட்டம் பட்டியலே போட்டிருக்கிறது. வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, அரசுக் கடன்பத்திரம் போன்றவை அதில் உண்டு. தெரிந்தவர் ஃபைனான்சும் சீட்டும் அதில் இல்லை. அங்கே போட்டால் வரிவிலக்கே போகும் ஆபத்து. இந்த ஒன்றில் மட்டும் "வேண்டாமுங்க" என்று முதல் ஆளாகச் சொல்லுங்கள்.

அடுத்தது உறவுக்குள் வியாபாரம். பள்ளிச் சீருடைத் துணி என் கடையிலேயே எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. லாபம் வைக்காமல் கொடுக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அறங்காவலருக்கோ குழுவை நடத்துகிறவர்களுக்கோ அவர்களின் உறவினருக்கோ அமைப்பின் பணத்தால் ஆதாயம் போனால் வரிவிலக்கு அடிபடும் என்று ஆடிட்டர் சொன்னார். நியாயமான விலைதான் என்று காட்டினால் தப்பில்லை, ஆனால் காட்ட வேண்டியது நாம். மூன்று கடையில் விலைப்பட்டியல் வாங்க வேண்டும், சம்பந்தப்பட்டவர் தன் தொடர்பை எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பேச்சு முடியும் வரை வெளியே உட்கார வேண்டும், அது தீர்மானத்தில் பதிவாக வேண்டும். நான் விலைப்பட்டியலே கொடுக்கவில்லை. வேறு கடையில் எடுத்தார்கள். தலைவரின் தம்பி கட்டடத்துக்கு வாடகை, செயலாளரின் மருமகளுக்கு வேலை, எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

6. கூட்டமும் தீர்மானப் புத்தகமும்

அஜெண்டாவும் காகிதங்களும் 7 நாள் முன்பு கைக்கு வர வேண்டும். பைலாவில் எத்தனை நாள் என்று இருக்கிறதோ அது குறைந்தபட்சம். கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கோரம் இல்லாமல் எடுத்த முடிவு நிற்காது.

தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். எங்களுடையதில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடுவில் அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருந்தார்கள். கீழே எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. 'ஏதாவது விட்டுப்போயிருந்தா எழுதிக்கலாம்னுதான்' என்றார்கள். என் கையெழுத்துக்கு மேலே வெற்றிடம். அதில் நாளைக்கு என்ன வேண்டுமானாலும் வரும். அன்றே எல்லா வெற்றிடத்துக்கும் கோடு போட்டோம். பக்கத்துக்கு எண், கூட்டம் முடிந்த இடத்திலேயே தலைவர் கையெழுத்து, அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக வாசித்து ஒப்புதல். வராத கூட்டத்துக்கு வீட்டுக்குக் கொண்டு வந்து கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

ஒரு முடிவில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் வாயால் சொன்னது போதாது. 'இன்னார் உடன்படவில்லை, காரணம் இது' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வாட்ஸப் குழுவில் கட்டைவிரல் போட்டு எடுக்கும் முடிவுகளும் அப்படித்தான். அவசரத்துக்குப் பேசிக்கொள்ளலாம், ஆனால் பைலா இடம் தருகிறதா என்று பார்த்து, அடுத்த கூட்டத்தில் முறைப்படி தீர்மானமாக்க வேண்டும்.

7. மனம் கோணாமல் கேட்பது எப்படி

எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான். குழுவில் பாதிப் பேர் மாமன், மச்சான், பங்காளி. கணக்குக் கேட்டால் 'எங்களை நம்பலியா?' என்று முகம் மாறும். அப்புறம் அடுத்த விசேஷத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதற்குப் பயந்துதான் ஒன்பது பேரும் வாய்மூடி இருந்தோம்.

எனக்கு வழி காட்டியது எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. நோம்பி முடிந்ததும் கோவில் வாசலில் ஊரார் முன்னால் வரவும் செலவும் வாசிப்பார்கள். பந்தலுக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, மீதி இவ்வளவு. பொறுப்பாளர் யாரும் அதை அவமானமாக நினைத்ததில்லை. வாசிக்காமல் விட்டால்தான் ஊர் பேசும். ஏன் அங்கே கோபம் வருவதில்லை? அது வழக்கம். யாரோ ஒருவர் எழுந்து கேட்பதில்லை.

அதையே பள்ளிக்கும் கொண்டு வந்தோம். ஒவ்வொரு கூட்டத்திலும் மாறாத நான்கு பொருள்: போன கூட்டத்து முடிவுகள் என்ன ஆயின, வங்கி ஸ்டேட்மென்ட், பாக்கிகள், அடுத்த மூன்று மாதத்தில் தாக்கல் செய்ய வேண்டியவை. யாரும் கேட்காமலேயே பொருளாளர் வாசிப்பார். முதல் தடவை அவர் குரல் கொஞ்சம் இறுகித்தான் இருந்தது. மூன்றாவது கூட்டத்தில் அவரே, "இந்த மாசம் வேன் டீசல் கூடியிருக்குது, ஏன்னு நானே சொல்லிடறனுங்க" என்று ஆரம்பித்தார்.

தனியாகக் கேட்க வேண்டியது வந்தால், சபையில் முதல் தடவையாக எடுக்காதீர்கள். முந்தைய நாள் போன் செய்யுங்கள். "மாமா, இந்த 38,000 எதுக்குன்னு எனக்குப் புரியலீங்க, நாளைக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க" என்றால் அவர் பில்லோடு வருவார். ஆளைப் பற்றிக் கேட்காமல் எண்ணைப் பற்றிக் கேளுங்கள். இரண்டு கூட்டம் கேட்டும் பதில் வரவில்லையென்றால் கடிதமாகக் கொடுங்கள், நகலில் ஒப்புகை வாங்குங்கள். பணமே காணவில்லை என்றால் உறவெல்லாம் பார்க்க வேண்டாம், எழுத்தில் கேளுங்கள், தீர்மானத்தில் ஏற்றுங்கள். சங்கத்தின் நடப்பை விசாரிக்கச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. அங்கே போகும் நிலை வந்தால் உங்களைக் காப்பது நீங்கள் எழுதிக் கேட்ட அந்தக் கடிதம்தான்.

8. தேதிகள்

மார்ச் 31-ல் ஆண்டு முடிந்ததும் ஏப்ரல் முதல் வாரத்தில் எல்லா ரசீதுப் புத்தகத்தையும் திரும்ப வாங்குங்கள். மே 31-க்குள் 80ஜி நன்கொடையாளர் விவரம் தாக்கல், அவர்களுக்குச் சான்றிதழ். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். கொடுத்தவருக்கு வரிவிலக்கும் சிக்கலாகும், அடுத்த ஆண்டு அவர் கொடுக்க மாட்டார். இதற்கு நன்கொடையாளரின் பான் வேண்டும். ரசீது எழுதும்போதே வாங்காவிட்டால் மே மாதம் போன் மேல் போன் போட வேண்டும்.

தணிக்கை ஜூலைக்குள் முடியட்டும். பொதுக்குழுவை ஆகஸ்டில் வைத்துவிட்டால் சங்கத்தின் ஆண்டுக் கணக்கைச் செப்டம்பருக்குள் பதிவாளரிடம் கொடுக்க நேரம் இருக்கும். வருமான வரித் தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30, ரிட்டர்னுக்கு அக்டோபர் 31, எஃப்சிஆர்ஏ ஆண்டறிக்கைக்கு டிசம்பர் 31. பைலாவைத் திருத்துவதானால் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் நோட்டீஸ், நான்கில் மூன்று பங்கு வாக்கு. இந்தத் தேதிகளை ஒரு பெரிய தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஆடிட்டருக்கு ஆண்டுக்கு 30,000 கொடுக்கிறோம். அது வீண் செலவு என்று சொல்கிறவர்களிடம் அந்த நான்கு மாதத்தைத்தான் சொல்வேன்.

9. நிதி கேட்கப் போகும்போது

திருப்பூர், கோவை மில்களிலும் கம்பெனிகளிலும் சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகப் பணிக்கென்று கம்பெனிகள் ஒதுக்கும் பணம் கேட்கலாம். அதற்கு 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 படிவம் கொடுத்து வாங்கிய பதிவு எண், அந்தக் கம்பெனியே தொடங்காத வெளி அமைப்பானால் மூன்று ஆண்டுச் செயல்பாடு வேண்டும். வேனுக்கென்று வாங்கிய பணத்தை வேனுக்கே செலவிடுங்கள். சம்பளத்துக்கு மாற்றி, பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று தொடங்கினால் நிரம்பவே நிரம்பாது.

10. பிள்ளைகளும் வேலை செய்கிறவர்களும்

குழந்தைகள் இருக்கும் இடமென்றால் இதைத் தெரியாமல் குழுவில் உட்காரவே கூடாது. பிள்ளை மீது பாலியல் அத்துமீறல் நடந்தது தெரிந்தாலோ நடக்கலாம் என்று அஞ்ச இடமிருந்தாலோ, 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விடுவதே குற்றம். 'பேர் கெட்டுப்போகும், நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்' என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரியவர் சொன்னாலும் கேட்காதீர்கள். குழந்தை உதவி எண் 1098-ஐ எல்லா வகுப்பிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். எங்களிடம் 11 பேர் இருந்தார்கள், குழு இல்லை. இப்போது இருக்கிறது.

20 பேரைத் தொட்டால் பிஎஃப். சம்பளம் மாதம் எந்தத் தேதிக்குள் போட வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். தவறினால் அன்றே குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அதிலேயே சேருங்கள்.

11. விலகுவதென்றால்

முடியாமல் போனால் விலகலாம், அதில் குறையில்லை. ஆனால் கூட்டத்துக்கு வராமலேயே மெல்ல நழுவிவிடுவது விலகல் ஆகாது. பதிவாளரின் பட்டியலில் பேர் இருக்கும் வரை நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கும் வரும். தேதி போட்டு விலகல் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஏற்றுக்கொண்ட தீர்மானத்தின் நகல், உங்கள் பேர் நீங்கிய படிவம் 7-ன் ஒப்புகை, வங்கியில் கையெழுத்து நீக்கியதற்கான கடிதம் மூன்றும் கையில் வர வேண்டும். இரண்டு மாதத்தில் வராவிட்டால் பதிவாளருக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள்.

உங்களிடம் இருக்கும் சாவி, செக் புத்தகம், கடவுச்சொல், கோப்பு எல்லாவற்றையும் பட்டியல் எழுதி, அடுத்து வருகிறவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். எங்கள் பீரோச் சாவியின் இன்னொரு பிரதி ஏற்கெனவே காலமாகிவிட்ட ஒரு பொருளாளரின் வீட்டுப் பூஜை அறையில் இருந்தது. அவர் மனைவி அதை மஞ்சள் துணியில் முடிந்து பத்திரமாக வைத்திருந்தார். அதுவரை யாருமே போய்க் கேட்டதில்லை.